இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு தோல்

மனிதர்களில் எனக்கு அருவருப்பானவர்கள் நிறையப் பேர் உண்டு. எண்ண ஆரம்பித்தால் கைவிரல் கால்விரல் இரண்டும் போதாது. எண்களில் ஒன்றே ஒன்றுதான். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் இன்றைக்கும் என் கை தானாக மூக்குக்குப் போகும். எண்ணுக்கு நாற்றம் உண்டா என்று பள்ளிக்கூடம் போனவர்கள் கேட்பார்கள். உண்டு. ஒன்றரை வருஷம் அதனோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டைக்கு ஏழெட்டு வருஷம் முன்னால், ஆம்பூருக்கு இந்தப் பக்கம், பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஆண்கள் அதை ஊறப்போட்டுச் சுண்ணாம்புக் குழியில் இறக்குவார்கள். சுண்ணாம்பில் மயிர் தளர்ந்ததும் தூக்கி எங்கள் முன்னால் எறிவார்கள். பெண்கள் நாங்கள் ஆளுக்கொரு சாய்ந்த மரக்கட்டையில் தோலை விரித்து, மழுங்கிய கத்தியால் மயிரை வழிக்க வேண்டும். நனைந்த மயிர் முழங்கை வரைக்கும் ஒட்டும். கஞ்சியில் கிடக்கும். பல்லிடுக்கில் மாட்டும். ஒருநாள் என் வீட்டுக்காரர் தன் மீசையிலிருந்து ஒரு வெள்ளாட்டு மயிரை உருவி எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். தோலை மிருதுவாக்க நாய்ப்பீயைக் கரைத்து வைத்திருக்கும் தொட்டி ஒன்றும் அங்கே உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். நாங்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

ஒரு குழிக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது தோல். இருபது தோல் ஒரு கட்டு என்றால் நூற்று இருபத்தாறு கட்டு. இந்த ஏற்பாடு முதலாளி சாய்பின் அப்பா காலத்தது. அந்தப் பெரியவர் எப்படிப் பிடித்தாரோ, அந்த எண்ணை நான் குறைசொல்ல மாட்டேன். வேலைக்கு எத்தனை பெண்கள் வந்தாலும் அது முகம் சுளிக்காமல் பிரியும். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஐந்நூற்று நாலு. ஆறு பேர் என்றால் நானூற்று இருபது. ஏழுக்கு முந்நூற்று அறுபது, எட்டுக்கு முந்நூற்றுப் பதினைந்து, ஒன்பதுக்கு இருநூற்று எண்பது, பத்துக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல் வரட்டும், ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகட்டும், மீதிப் பேருக்குள் ஒரு தோல்கூட ஏறவோ இறங்கவோ செய்யாது. ஒன்று முதல் பத்து வரைக்கும் எல்லாருக்கும் இப்படி வளைந்து கொடுக்கிற எண் அதற்குக் கீழே வேறு கிடையாது என்பதைப் பிற்பாடு நானே போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்பேர்ப்பட்ட நல்ல எண்ணின் தலையில் எங்கள் மேஸ்திரி ஒரு தோலைத் தூக்கி வைத்தார். போயிற்று.

சாய்புமார் வீட்டில் எதை எண்ணினாலும் முதல் சாமானுக்கு "பர்கத்" என்பார்கள். பெருகட்டும் என்று அர்த்தம். பழைய சாய்பு இருந்தவரைக்கும் தோலை அவரே எண்ணினாராம். அவர் போன பிறகு அந்த வேலை மேஸ்திரி கைக்கு வந்தது. மேஸ்திரி எங்களைப் போல விபூதி பூசுகிற ஆள். ஆனால் பர்கத்தில் சாய்புமாரைவிட அவருக்கு பக்தி ஜாஸ்தி. முதல் தோலை இரண்டு கையாலும் தூக்கி, "பர்கத்!" என்று கத்தி, வாசலோரம் கிடந்த கருங்கல்லின் மேல் விரிப்பார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்து, நூற்று இருபத்தாறு கட்டும் முடிகிற வரைக்கும் எண்ணுவார்.

கல்லின் மேல் விரித்த அந்தத் தோல், மற்றத் தோலெல்லாம் முடிகிற வரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டும். குழியில் இறக்கக் கூடாது, வந்த உப்பையும் கழுவிவிட வேண்டும், மறுபடி உப்புத் தொடக் கூடாது. இறக்கினால் பர்கத் கரைந்துவிடுமாம். பத்துப் பன்னிரண்டு நாள் வெயிலில் கிடக்கிற பச்சைத் தோல் என்ன ஆகும்? முதலில் ஈ. பிறகு பச்சை நிறம். பிறகு அது தானாகவே அசைய ஆரம்பிக்கும், அவ்வளவு புழு. கடைசி நாள் அதையும் ஒருத்தி கையால் வழிக்க வேண்டும். யார்? வேலைக்குப் புதிதாக வந்தவள். அதுவரைக்கும் நாயும் காக்கையும் இழுத்துப்போகாமல் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே அவள் தன் கட்டையைப் போட்டுக்கொள்ளவும் வேண்டும்.

நான் எட்டாவதாகச் சேர்ந்தவள். ஒரு வருஷம் அந்தத் தோல் என்னுடையது. தூக்கத்திலும் விரலிடுக்கில் ஏதோ நெளியும். அதனால்தான் என் ஓரகத்தி, என் கொழுந்தன் பெண்டாட்டி, "அக்கா, எங்கியாவது வேலை கீதா?" என்று கேட்டதும் மறுநாளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மேஸ்திரி முன்னால் நிறுத்தினேன். உதவி செய்தேன் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. நானும் தலையைக் குனிந்து புகழ்ச்சியை வாங்கிக்கொண்டேன். அவள் ஒன்பதாவது. கல் அவளுக்கு, நிழல் எனக்கு.

மூன்று மாதம் கழித்து அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு கருத் தங்கவில்லை. அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டு காலையில் ஒரு தடவை, கஞ்சி குடித்ததும் ஒரு தடவை, சாயங்காலம் வெறும் வயிற்றோடு ஒரு தடவை வாந்தி எடுப்பாள். வீட்டுக்கு வந்தால் அவள் சேலையில் இருக்கிற நாற்றத்துக்கே திரும்பவும் வாந்தி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நாளு முழுக்கக் கக்கிக்கினே இருந்தா உள்ள இருக்கறது இன்னாத்த தின்னும்? ஒரு வேளைக் கஞ்சியாவது நிக்கணும். இல்லாங்காட்டி இதுவும் போய்டும்" என்றாள்.

என் கொழுந்தன் வண்டி கவிழ்ந்து கால் ஒடிந்து படுத்திருந்தான். அவள் வேலையை விட்டால் கஞ்சி கிடையாது. வேலைக்குப் போனால் கஞ்சி நிற்காது. கூட்டிப்போய் நிறுத்தியவள் நான்.

மேஸ்திரியிடம் போனேன். "அந்தத் தோல நானே வழிக்கிறேன், அவள விட்ருங்க" என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அதைக் கொஞ்சம் மெதுவான குரலில்தான் சொன்னேன், காதில் விழாமல் போனால் போகட்டும் என்று. பாவி மனுஷனுக்குக் காது நன்றாகக் கேட்டது.

"புதுக் கைதான் தொடணும். பழைய கை பட்டா பர்கத் போய்டும்."

"பங்கு போட்டா? ஒன்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் வழிச்சிட்டா?"

"ஒரு தோல ஒன்பது துண்டா கிழிக்கச் சொல்றியா? இன்னா பேச்சு இது! எத்தினி பேர் வந்தாலும் ஒண்ணு மிச்சம் நிக்குது பாரு. அதான் பர்கத். சாமி குடுத்த மிச்சம். அது மிச்சமில்லாம பிரியறதா இருந்தா நான் ஏன் புதுசா வந்தவ தலையில கட்டப் போறேன்?"

"அப்போ மிச்சமில்லாம பிரியற மாதிரி ஆள் வெச்சா?"

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல்லைவிடச் சுண்ணாம்பு அதிகம்.

"எத்தினி பேரு வேணும்னு நீயே சொல்லு. பதினொண்ணா, பதிமூணா? சாய்புகிட்டப் பேசி அத்தினி பேர வெக்கிறேன். அப்புறம் எல்லாருக்கும் சமமா போய்டும், கல்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். கண்டுபிடி போ, பெரிய கணக்குப் பிள்ளை!"

கண்டுபிடிக்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அத்தனை சாமான் வேண்டும். புளியங்கொட்டை அவ்வளவு யாரிடம் இருக்கிறது? எங்கள் தெருவில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைத்த ஒரே பொருள் ஆட்டுப்புழுக்கை. காய்ந்ததாகப் பொறுக்கி முறத்தில் கொட்டி, வாசலில் உட்கார்ந்து வரிசை வைத்தேன். பதினொரு பேர் என்றால் பதினொரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று ஒன்றாக வைத்துக்கொண்டே போனால் கடைசியில் எத்தனை நிற்கிறது என்று பார்ப்பது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "அடியே, இன்னாடி பண்றே? ஆட்டுப் புழுக்கையில கோலமா?"

"கணக்கு அத்தை."

"நாத்தம் புடிச்ச கணக்கு. கையக் கழுவாம அடுப்பாண்ட வந்தே, தொலைஞ்சே."

பதினொரு வரிசை வைத்தேன். இரண்டு மிச்சம். ஒன்று போதாது என்று இரண்டு! பன்னிரண்டுக்கு ஒன்று. பதிமூன்றுக்கு வைத்தபோது வரிசைகள் அழகாக நீண்டன. கடைசி வரிசைக்கு மட்டும் ஒன்று குறைந்தது. பன்னிரண்டு மிச்சம். இன்னும் ஒரே ஒரு புழுக்கை இருந்தால் பதிமூன்று பேருக்கும் சரியாகப் போயிருக்கும். பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்து வைத்துவிடலாமா என்று என் கை நீண்டது. யாரை ஏமாற்றுவது? பதினாலு, பதினைந்து, இரண்டுக்கும் ஒன்று. பதினேழுக்கு ஐந்து. பத்தொன்பதுக்குப் பதிமூன்று.

இடையில் பக்கத்து வீட்டு ஆடு வரிசைக்குள் நுழைந்து, தின்னவும் இல்லை, போகவும் இல்லை, நின்றபடியே இன்னும் இருபது முப்பதைச் சேர்த்துவிட்டுப் போனது. பழையது எது, புதிது எது? தொட்டுப் பார்த்துத்தான் பிரித்தேன். சூடாக இருந்ததெல்லாம் கணக்கில் சேராது.

நாலைந்து நாளில் எனக்குச் சில குறுக்கு வழிகள் தெரிந்தன. இரண்டு வரிசைக்குச் சரியாகப் பிரியாத எண் நாலு வரிசைக்கும் பிரியாது, ஆறுக்கும் எட்டுக்கும் பிரியாது. மூன்றுக்குப் பிரியாதது ஒன்பதுக்குப் பிரியுமா? அதனால் அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். இருபத்து மூன்றுக்குப் பதினாலு மிச்சம். இருபத்தொன்பதுக்கு இருபத்தேழு. முப்பத்தொன்றுக்குப் பத்து. முப்பத்தேழுக்கு ஐந்து. நாற்பத்தொன்றுக்கு இருபது. நாற்பத்து மூன்றுக்கு இருபத்தேழு. நாற்பத்தேழுக்கு முப்பது. ஐம்பதைத் தாண்டியதும் நிறுத்தினேன். ஏனென்றால் அறுபது பேருக்கு ஆளுக்கு நாற்பது சொச்சம் என்று சரியாகப் பிரிந்தால், அதே புழுக்கை அந்த நாற்பது சொச்சம் பேருக்கு ஆளுக்கு அறுபது என்று முன்னாலேயே பிரிந்திருக்க வேண்டும். பிரியவில்லை. அதற்கு மேல் எத்தனை பேரை வைத்தாலும் அவர்கள் பங்கு ஐம்பதுக்குக் கீழேதான் வரும். ஐம்பதுக்குக் கீழே எல்லாவற்றையும் நான் பார்த்தாயிற்று.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த எண்ணை மிச்சமில்லாமல் முடிக்க இரண்டே வழிதான். ஒருத்தியே அத்தனையையும் வழிக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு பெண்கள் வந்து ஆளுக்கு ஒன்று வழிக்க வேண்டும். வேறு யாரோடும் சேராது, யாருக்கும் வளைந்து கொடுக்காது. அதைவிட ஒன்றே ஒன்று குறைந்த எண் ஊர்ப்பட்ட பேரோடு சிரித்துப் பழகுகிறது. இது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுகிக் கிடக்கிறது. எனக்கு உண்மையாகவே குமட்டியது. புழுக்கையால் இல்லை.

மறுநாள் மேஸ்திரி கேட்டார். "இன்னா, எத்தினி பேர் வேணும்?"

"இந்த ஜில்லாவுல அத்தினி பேர் கெடைக்க மாட்டாங்க."

"நான்தான் சொன்னேனே!" என்று அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். ஏதோ அந்த எண்ணை அவரே பெற்று வளர்த்தது போல.

அந்தக் குழி முடிந்த அன்றைக்கு என் ஓரகத்தி கல்லின் மேல் கிடந்ததை வழித்தாள். வழிப்பதற்கு என்ன இருந்தது? கத்தி பட்டதும் மயிரும் தோலும் சேர்ந்தே வந்தன. அவள் முதுகை நான் பிடித்துக்கொண்டேன். வாந்தியில் வெறும் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. அன்று அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அறுப்புக்கு என்று விரிஞ்சிபுரத்துப் பக்கம் என் தாய்வீட்டுக்குப் போனேன். களத்தில் என் அண்ணன் மரக்காலால் நெல் அளந்து போட, நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"லாபம்" என்று ஒரு மரக்கால் போட்டான். "ரெண்டு. மூணு. நாலு."

சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டதுதான். அன்றைக்குத்தான் காதில் ஏறியது. சாக்கை விட்டுவிட்டேன். நெல் காலில் கொட்டியது.

"அண்ணா, ஒண்ணு எங்க?"

"இன்னா ஒண்ணு?"

"லாபம்னே, அப்புறம் ரெண்டுன்னே. நடுவுல ஒண்ணு எங்க போச்சு?"

"லாபந்தாண்டி ஒண்ணு! மொத மரக்கால ஒண்ணுன்னு சொல்லாம லாபம்னு சொல்றோம், அவ்ளோதான். லாபம்னு போட்டுட்டு மறுபடியும் ஒண்ணுன்னா ஒரு மரக்கால் ஜாஸ்தியா போய்டாது? வாங்கறவன் சிரிப்பான்."

அண்ணி பின்னாலிருந்து சொன்னாள்: "தோல் நாத்தம் மூளைக்கு ஏறிடுச்சு, விடுங்க. சாக்கப் புடிங்க நாத்தனாரே."

நான் சாக்கைப் பிடிக்கவில்லை. வரப்போரம் போய் வாந்தி எடுத்தேன். அண்ணி நான் முழுகாமல் இருக்கிறேனோ என்று சந்தோஷப்பட்டாள். எனக்குள் ஓடியது வேறு. பர்கத் என்பதும் அதேதானே! பர்கத் என்று வைத்த தோல்தான் ஒன்று. அடுத்தது இரண்டு. பழைய சாய்பு அப்படித்தான் எண்ணியிருப்பார். மேஸ்திரி பர்கத்தைச் சாமிக்கு வைத்ததாக நினைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு புதிதாக ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். இத்தனை வருஷமும் அந்தக் கல்லின் மேல் புழுத்துக் கிடந்தது சாமியும் இல்லை, பெருக்கமும் இல்லை. எண்ணத் தெரியாதவன் எண்ணிய ஒரு தப்பு. அந்தத் தப்பை என் பத்து விரலாலும் வழித்திருக்கிறேன். அந்த மேஸ்திரி திருடனாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. நெல் அளப்பதைப் பார்த்தே வளர்ந்த நானும்தான் புழுக்கையைப் பொறுக்கினேனே தவிர, எண்ணுகிறவனை வாயைத் திறந்து கேட்கவில்லை.

அடுத்த குழிக்குத் தோல் வந்த அன்றைக்கு நாங்கள் ஒன்பது பேரும் எண்ணுகிற இடத்தில் நின்றோம். முதல் நாளே ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வைத்திருந்தேன். மேஸ்திரி முதல் தோலைத் தூக்கினார்.

"பர்கத்!"

கல்லின் பக்கம் திரும்பினார். அதற்குள் அடுத்த தோலை நான் தூக்கித் தரையில் போட்டுக் கத்தினேன்: "ரெண்டு!"

"ஏய்! இன்னாடி இது?"

"மூணு!" என்று என் பின்னால் எட்டுக் குரல். "நாலு! அஞ்சு!"

மேஸ்திரி "ஒண்ணு, ஒண்ணு" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒன்பது பெண்கள் சேர்ந்து எண்ணும்போது ஒரு ஆண்பிள்ளையின் ஒன்று யார் காதில் விழும்? கூச்சலைக் கேட்டு சாய்பு உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"இன்னா கலாட்டா?"

"சாய்பு, இவளுங்க பர்கத்தக் கெடுக்கறாளுங்க. உங்க அப்பா காலத்து வழக்கம்!"

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "சாய்பு, ஒரே ஒரு கேள்வி. பெரியவரு பர்கத்னு சொன்னப்புறம் அடுத்த தோலுக்கு இன்னா சொல்வாரு?"

சாய்பு யோசிக்கவே இல்லை. சின்னப் பிள்ளையில் கேட்டது வாயில் தானாக வந்தது. "பர்கத், தோ, தீன், சார்."

"தோன்னா?"

"ரெண்டு. ஏன், பர்கத்துதானே ஒண்ணு? யாராவது பர்கத்துக்கப்புறம் ஒண்ணுன்னு சொல்வாங்களா?"

மேஸ்திரி கையில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. சாய்புக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "இரு, இரு. அப்போ ஒவ்வொரு குழிக்கும் ஒரு தோல் ஜாஸ்தி வந்திருக்கணும். எனக்கு எப்பவும் நூத்தியிருபத்தாறு கட்டுதானே வருது? அந்த ஜாஸ்தி எங்க?"

மேஸ்திரி தரையைப் பார்த்துச் சொன்னார். "அது அழுகிப் போயிருக்கும் சாய்பு. அத எப்படி உங்களாண்ட குடுக்கறது? வழிச்சதும் பின்னால வாய்க்கால்ல போட்ருவேன்."

கேட்டீர்களா? போட்டுவிடுவாராம். நான் ஒரு வருஷம் வழித்ததும், அவள் வயிற்றில் இருப்பதைப் பணயம் வைத்து வழித்ததும் நேராக வாய்க்காலுக்குப் போயிருக்கிறது. வழிக்காமல் போட்டிருந்தால் வாய்க்கால் வேண்டாம் என்றா சொல்லியிருக்கும்?

சாய்பு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சே, பேஜார்! அந்தத் தோல மத்ததோட போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மேஸ்திரி போட்டார். அன்று மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. மறுவாரம் குழியிலிருந்து எடுத்து ஒன்பது பேருக்குப் பிரித்தபோது ஆளுக்கு இருநூற்று எண்பது, பதினாலு கட்டு. மிச்சம் இல்லை. அதற்குள் கல்லைச் சாம்பல் போட்டுக் கழுவியிருந்தோம். என் ஓரகத்தி தன் கட்டையை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில், நிழலில் போட்டாள்.

மத்தியானம் கஞ்சி குடித்தாள். நான் என் கஞ்சியைத் தொடாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய். இரண்டு வாய். மடக்கென்று இறங்கியது. சுண்ணாம்பு நாற்றம் இருந்தது, நாய்ப்பீத் தொட்டி இருந்தது, ஆனாலும் கஞ்சி திரும்பி வரவில்லை. சொம்பைக் காலி செய்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா."

"இன்னாடி?"

"அந்தத் தோல என் தலையில கட்டத்தானே என்னை இங்க கூட்டியாந்தே?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம். ஆனால் வந்தது வேறு.

"ஆமாண்டி."

"த்தூ!" என்று என் காலுக்குப் பக்கத்தில் துப்பினாள். நன்றாகவே துப்பினாள், கஞ்சி நின்ற வயிற்றுத் தெம்போடு. பிறகு காலிச் சொம்பை என் பக்கம் நீட்டினாள்.

"உன்னோடதையும் ஊத்து."

ஊற்றினேன்.